பட்டியலில் ஆறாவது வீடு

தையல் ஃபாக்டரியில் இருபத்தேழு வருடம் செக்கிங் மேசையில் உட்கார்ந்தவளிடம் ஒரு சட்டையைக் கொடுத்தால், அவள் நிறத்தையா பார்ப்பாள்? உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்ப்பாள். பிறகு காலர், பிறகு காஜா, பிறகு பட்டன் நூலின் முடிச்சு. கடைசியில் ஒரு குறையும் கிடைக்கவில்லை என்றால் அவளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. எங்கேயோ தன் கண்ணுக்குத் தப்பிவிட்டது என்றுதான் தோன்றும். ஃபாக்டரியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வேலையிலிருந்து ஓய்வு வாங்கியும் பெயரிலிருந்து ஓய்வு கிடைக்கவில்லை. தெருவில் எல்லாரும் நேரில் பார்த்தால் அக்கா என்பார்கள், அந்தப் பக்கம் திரும்பினால் பூதக்கண்ணாடி அக்கா என்பார்கள். அது அவளுக்கும் தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

அப்படிப்பட்ட அக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த இடம்தான் சரியில்லை. கூடப்பிறந்த தங்கை மேலேயே வந்துவிட்டது.

அந்தப் பகுதியில் வருடத்துக்கு ஒருமுறை, ஒரு ஞாயிற்றுக்கிழமை, எட்டு வீட்டுக்காரர்கள் தங்கள் தோட்டத்தை ஊருக்குத் திறந்துவிடுவார்கள். மருந்துக்கடை அம்மா தன் கம்ப்யூட்டரில் ஒரு வரைபடம் போட்டு, எட்டு வீட்டுக்கும் எண் கொடுத்து, அச்சடித்துத் தருவார். காலை ஒன்பது மணிக்கு முதல் வீட்டில் கூடி, நாற்பது ஐம்பது பேர் ஒரே கூட்டமாக வீடு வீடாகப் போவார்கள். நுழைந்து பார்க்கலாம், கேள்வி கேட்கலாம், வீட்டுக்காரர் மனசு வைத்தால் ஒரு கிளை ஒடித்தும் வாங்கிக்கொள்ளலாம். ஒரே ஒரு சட்டம் உண்டு. தன் வீட்டு மண்ணில் வளர்த்த செடியாக இருக்க வேண்டும். கடையில் பூவோடு வாங்கி வந்து, தொட்டியோடு மண்ணில் புதைத்து, மேலே சருகைத் தூவி, "எங்க வீட்டுச் செடி" என்று காட்டினால் அந்த வீட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள்.

இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவள் அக்கா. அதை ஒரே ஒரு முறை பயன்படுத்தியவளும் அவள்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால், ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர் வீட்டில் முப்பது சாமந்திகள் ராணுவம் போல ஒரே உயரத்தில் நின்றன. ஊரே வாயைப் பிளந்தது. அக்கா குனிந்து, மண்ணுக்குள் விரலை விட்டு, தொட்டியின் விளிம்பைத் தொட்டாள். அத்தனை பேர் முன்னாலும் ஒரு சாமந்தியைத் தொட்டியோடு தூக்கிக் காட்டினாள். கேட்டில் ஒட்டியிருந்த வரைபடத்தில் அவர் வீட்டின் மேல் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு இழுத்தாள். போஸ்ட்மாஸ்டர் மறுநாளிலிருந்து நடைப்பயிற்சிக்கு வேறு தெருவைப் பிடித்துக்கொண்டார்.

தங்கை வீடு அக்கா வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு. அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்ததும் அக்காதான். தங்கை அவளைவிட எட்டு வயது சின்னவள். அவளுக்குத் தலை பின்னியது, சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது, மாப்பிள்ளையின் சொந்தக்காரர்களை எல்லாம் விசாரித்துத் தீர்த்தது, எல்லாம் அக்கா. மாப்பிள்ளை லேபில் பல்செட் செய்கிறவர். அந்தப் பகுதியில் சிரிக்கிற கிழவர்களில் பாதிப் பேர் அவர் கைவண்ணத்தில்தான் சிரித்தார்கள். தங்கைக்குத் தோட்டத்தில் கை நல்ல கை. குச்சியை நட்டால் துளிர்க்கும். அந்தத் தோட்ட டூரில் அவள் வீடுதான் ஆறாம் எண், எல்லாரும் அதிக நேரம் நிற்கிற வீடு.

அக்காவுக்கு வலது முழங்காலில் ஆபரேஷன் நடந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அந்த இரண்டு மாதமும் வாசற்படி தாண்டவில்லை. தங்கை தினமும் சாயங்காலம் ஃபிளாஸ்கில் டீயோடு வந்து, கட்டிலோரம் உட்கார்ந்து, தெருச் செய்தி எல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அப்படி வந்துகொண்டிருந்தவளின் நகக்கண்களில்தான் அக்கா முதலில் அதைப் பார்த்தாள். பழுப்பு நிறத்தில் தேங்காய் நார்த்தூள்.

"என்னடி இது?"

"எது?"

"நகத்துல. நார்த்தூள் தானே?"

தங்கை கையை மடக்கிக்கொண்டாள். "செடிக்குப் போட்டேன்க்கா."

"தரையில இருக்கற செடிக்கு யாருடி நார்த்தூள் போடுவா? அது தொட்டிக்குப் போடறது."

"ஈரம் நிக்கும்னு சொன்னாங்க" என்றாள் தங்கை. யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. டீயை ஊற்றி, பேச்சை மருந்துக்கடை அம்மாவின் புதுக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டாள்.

அன்றைக்கு அக்கா அதை விட்டுவிட்டாள் என்று நினைத்தால் அது நம் தப்பு. துணியில் ஒரு இழை பிசகினால் பக்கத்திலேயே இன்னொன்றும் பிசகியிருக்கும் என்பது அவள் இருபத்தேழு வருடப் பாடம். நான்கு நாள் கழித்து வேலைக்குப் போய்வந்த கணவரின் சட்டைப் பையிலும் அதே நார்த்தூளைப் பார்த்தாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினால் ஐந்தாவது வார்த்தைக்கு மூச்சு வாங்குகிற ரகம்.

"ஏங்க, சட்டையில என்ன?"

"தூசி."

"தூசி கருப்பா இருக்கும். இது பழுப்பா இருக்கு."

"லிஃப்ட் குழியில எல்லா நிறத்துலயும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதே அக்காவுக்குச் சந்தேகமாக இருந்தது.

டூருக்குப் பத்து நாள் இருக்கும்போது டாக்டர் வெளியே போய் நடக்கச் சொன்னார். கையில் ஊன்றுகோலோடு அக்கா முதலில் போனது தங்கை வீட்டுக்கு. முன்னறையில் உட்கார வைத்து உபசாரம் பலமாக நடந்தது. ஆனால் தோட்டத்துக்குப் போகிற பின்கதவின் கண்ணாடியில் ஒரு துண்டு தொங்கியது.

"பின்னாடி போய் ஒரு பார்வை பார்க்கறேன்டி. ரெண்டு மாசம் ஆச்சு."

"வேண்டாம்க்கா. கதவுக்குப் பெயின்ட் அடிச்சிருக்கு, ஒட்டிக்கும்."

அக்கா மோந்து பார்த்தாள். பெயின்ட் வாசனை மருந்துக்குக்கூட இல்லை. "அப்போ பக்கத்துச் சந்து வழியா போறேன்."

"சந்து கேட்டைப் பூட்டிட்டார் இவர். சாவி லேப்ல இருக்கு." தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு பல்செட் போல அளவாக இருந்தது. "ஞாயித்துக்கிழமை எல்லாரோடயும் பாரேன். உனக்கும் ஒரு சர்ப்ரைஸா இருக்கட்டும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாள் என்று அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பூசணிக்காய் எது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. டூருக்கு முந்தின சனிக்கிழமை அதையும் பார்த்துவிட்டாள். மருந்துக்கடை அம்மாவின் மொட்டை மாடிக்கு, வரைபடத்தைச் சரிபார்க்கிற சாக்கில், ஒவ்வொரு படிக்கும் முழங்காலைத் திட்டிக்கொண்டு ஏறினாள். அங்கிருந்து பார்த்தால் தங்கையின் தோட்டம் பாதி தெரியும்.

சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு மேல் நின்ற செம்பருத்தியைக் காணோம். பந்தல் போல விரிந்திருந்த மஞ்சள் ரோஜாவைக் காணோம். மாதுளை இருந்த இடத்தில் வெறும் சுவர். அதற்குப் பதிலாகத் தோட்டம் முழுக்க இடுப்புயரச் செடிகள், குட்டை குட்டையாக, கிண்ணென்று புதுத்தளிரோடு, வரிசை தப்பாமல் நின்றன. அத்தனையும் ஒரே சமயத்தில் பூத்திருந்தன. எந்தத் தோட்டத்தில் எல்லாச் செடியும் பேசி வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் பூக்கும்? நர்சரியில்தான் பூக்கும்.

"என்ன அக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?" என்றார் மருந்துக்கடை அம்மா.

"படி ஏறினது. முழங்கால்" என்றாள் அக்கா. பொய் சொல்வது அவளுக்குப் பழக்கமில்லாததால் கன்னம் சூடானது.

வீட்டுக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து யோசித்தாள். கதை தானாகத் தைத்துக்கொண்டது. இரண்டு மாதம் தங்கை அக்காவுக்கே பணிவிடை செய்துகொண்டிருந்தாள். தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஆளில்லை. எல்லாம் காய்ந்து போயிருக்கும். டூர் வருகிறது, மானம் போகிறது என்று கடையில் வாங்கிப் புதைத்திருக்கிறாள். மச்சினிக்கு உதவி செய்கிறேன் என்று தூக்கிக்கொண்டு போய் வைத்தவர் நம்ம வீட்டு லிஃப்ட்காரர். அதுதான் நார்த்தூள். எல்லாம் பொருந்தியது. தன்னால்தானே அவளுக்கு இந்தக் கதி?

ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறதே. தங்கையின் பெயரை ஊர் பார்க்க அடித்தால் தங்கை அப்புறம் முகம் கொடுத்துப் பேசுவாளா? அந்தச் சிவப்புக் கோட்டுக்கு அப்புறம் போஸ்ட்மாஸ்டர் எந்தப் பக்கம் நடக்கிறார் என்று அக்கா பார்க்கத்தானே செய்தாள். அவர் வேறு தெருவுக்குப் போனால் போகட்டும் என்று இருந்துவிட்டாள். தங்கை வேறு தெருவுக்குப் போனால் இருக்க முடியுமா? கூடப்பிறந்தவள் என்று அவளுக்கு இருப்பதே அந்த ஒருத்திதான். அடிக்காமல் விட்டாலோ, ஊருக்குத்தான் உபதேசம் உனக்கில்லை என்று நாற்பது பேரும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்பார்கள்.

"என்ன பண்ணட்டும்?" என்று கணவரிடம் கேட்டாள்.

அவர் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "குனியாத. அவ்வளவுதான். முழங்காலுக்கும் நல்லது."

அந்த யோசனை அவளுக்குப் பிடித்துப்போனது. வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு தையலை உள்பக்கம் திருப்பாமல் பாஸ் போட்டுவிடுவது என்று முடிவு செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் நிதானமாக இருந்தது. முதல் வீட்டில் கூட்டத்தைப் பார்த்ததுமே அக்காவின் முகம் சுண்டிவிட்டது. இரண்டு வருடமாகத் தலைகாட்டாத போஸ்ட்மாஸ்டர் தொப்பியும் மடக்கிய குடையுமாக வந்து நின்றார். அக்காவைப் பார்த்துத் தலையைக்கூட அசைக்கவில்லை. இந்த மனிதர் எதற்கு இந்த வருடம் பார்த்து வர வேண்டும்? எவனாவது இவர் காதில் போட்டிருப்பானா? மருந்துக்கடை அம்மாவா? அக்கா ஒவ்வொரு முகமாக ஊன்றிப் பார்த்தாள். ஐந்து வீடு முடிவதற்குள் ஒருவரையும் நம்ப முடியாத நிலைக்கு வந்துவிட்டாள்.

ஆறாவது வீட்டின் சந்து கேட் திறந்திருந்தது. தங்கை புதுப் புடவையில் வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றாள். பல்செட்காரர் தண்ணீர் ஜாடியும் டம்ளர்களுமாக ஒரு ஓரத்தில் நின்றார். அக்காவின் கணவர் கூட்டத்தை விட்டு விலகி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"என்ன அழகு! என்ன அழகு!" என்றார்கள் எல்லாரும். உண்மையிலேயே அழகுதான். செம்பருத்தி கைவிரல் விரித்தது போலப் பூத்திருந்தது. அக்கா தரையைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், தங்கையின் காதுத் தோட்டைப் பார்த்தாள். "சரி சரி, ஏழாவது வீடு தூரம், கிளம்பலாம்" என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள். எப்போதும் ஆறாவது வீட்டில் அரை மணி நேரம் பேசுகிறவள் இப்படி விரட்டுவதை மருந்துக்கடை அம்மாவே ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அப்போதுதான் குடை நீண்டது. போஸ்ட்மாஸ்டர் தன் குடை நுனியால் ஒரு செம்பருத்தியின் அடியில் இருந்த சருகை மெல்ல விலக்கினார். கருப்பாக, வட்டமாக, பிளாஸ்டிக் விளிம்பு தெரிந்தது.

"அம்மா" என்றார். இரண்டு வருடத்தில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "இது என்னன்னு கொஞ்சம் பாக்கறீங்களா?"

பல்செட்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அக்கா தங்கையைப் பார்த்தாள். தங்கையின் முகத்தில் ரத்தமே இல்லை. இனி குனியாமல் இருக்க வழியில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, நல்ல முழங்காலை மடித்து, கெட்ட முழங்காலை நீட்டி உட்கார்ந்து, விளிம்பைப் பிடித்து இழுத்தாள். தொட்டி மண்ணை விட்டு வெளியே வந்தது.

"கடையில வாங்கினதா?" என்று கேட்டாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. தங்கை இல்லை என்று சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் கெஞ்சினாள்.

"ஆமா" என்றாள் தங்கை.

"எல்லாமேவா?"

"எல்லாமே வாங்கினதுதான்க்கா. அடிச்சிடு."

யாரோ ஒருவர் உச்சுக்கொட்டினார். போஸ்ட்மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினார். சிவப்புப் பேனா. வீட்டிலிருந்தே கொண்டு வந்திருக்கிறார் மனுஷன். அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடமாக அந்தக் கோடு அவர் கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும்.

அக்கா பேனாவுக்குக் கை நீட்டினாள். நீட்டியபோது மடியில் சாய்ந்திருந்த தொட்டியிலிருந்து மண் கட்டியோடு செடி பாதி நழுவியது. அவள் கண் பழக்கப்படி உள்பக்கம் போனது.

கடைச்செடியைத் தொட்டியிலிருந்து உருவினால் வேர் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். போஸ்ட்மாஸ்டர் வீட்டுச் சாமந்தியிலேயே பார்த்திருக்கிறாள். சின்ன வயதிலிருந்து தொட்டிக்குள்ளேயே வளர்ந்த வேர், சுவரில் முட்டி முட்டி, வட்டமாகச் சுற்றி, நூல்கண்டு மாதிரி இறுகியிருக்கும். இதில் சுற்றே இல்லை. கட்டைவிரல் தடிமனில் நாலு கிழட்டு வேர்கள். நாலும் ரம்பத்தால் அறுத்த வெட்டு. வெட்டின் ஓரத்தில் புதிதாக, அரிசி நிறத்தில், மயிர் மயிராகச் சின்ன வேர்கள். மேலே பார்த்தாள். தண்டு மணிக்கட்டுப் பருமன். அதுவும் முழங்கால் உயரத்தில் வெட்டப்பட்டு, அதற்கு மேல்தான் இத்தனை தளிரும் பூவும். வேரை வெட்டினால் கிளையையும் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் செடி தாங்காது. ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டினால் ஒரே வாரத்தில் எல்லாம் பூக்கும்.

இது சுவரோரம் ஆள் உயரத்துக்கு நின்ற அதே செம்பருத்தி. தங்கை இந்த வீட்டுக்கு வந்த வருடம் நட்டது. தரையில் நிம்மதியாக இருந்த பழைய செடியைத் தோண்டி, வெட்டி, எவளாவது தொட்டியில் வைப்பாளா? அதைத் தொட்டியோடு மறுபடியும் தரையிலேயே புதைத்து மறைப்பாளா? தூக்கிக்கொண்டு போகிறவள்தான் வைப்பாள். போவது தெரியக்கூடாது என்கிறவள்தான் மறைப்பாள்.

அக்கா கணவரைப் பார்த்தாள். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு நிமிஷம்" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவளை இழுத்துக்கொண்டு பின்கதவு வழியாகச் சமையலறைக்குள் போனாள். கதவில் பெயின்ட் பழசுதான். உள்ளே அலமாரிகள் காலியாக இருந்தன. பாத்திரங்கள் அட்டைப்பெட்டிகளில் நிறைந்து, பெட்டிகள் டேப் ஒட்டி ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரோரம் நின்றன.

"எந்த ஊரு?"

"ரயில்ல ஒரு பகல், ஒரு ராத்திரி. பெரிய லேப்க்கா. இவரைத் தலைமைக்குக் கூப்பிட்டிருக்காங்க. எட்டாவது மாடியில வீடு. பால்கனி மட்டும்தான். அதான் தொட்டி."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "பன்னண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு வேலை வந்துச்சே, ஞாபகம் இருக்கா? நீ வந்து உக்கார்ந்து கேள்வி கேட்ட. முதலாளி எப்படி, வீடு ஒழுகுமா, தண்ணி வருமா, லேப் மூடிட்டா என்ன பண்ணுவீங்க... பதில் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போய் இவரே வேண்டாம்னுட்டார். இந்தத் தடவை என்கிட்டக் கெஞ்சினார்க்கா. உங்க அக்காகிட்டக் கடைசியா சொல்லுன்னு. நீ கேள்வி கேட்டா நான் நின்னுடுவேன்னு அவருக்குத் தெரியும்."

"ரெண்டு மாசமா தினம் வந்தியேடி!"

"தினம் சொல்லத்தான் வந்தேன். நீ காலை நீட்டிக்கிட்டு, 'நீ இல்லைன்னா நான் என்ன ஆவேன்'னு சொல்லுவ. டீயை ஊத்திட்டு வந்துடுவேன். டூர்லேருந்து பேரை எடுத்தா ஏன்னு கேப்ப. அதான் எப்பவும் போல இருக்கட்டும்னு தொட்டியைப் புதைச்சோம். அத்தான்தான் குழி தோண்டினார். இன்னைக்குச் சாயங்காலம் எப்படியும் சொல்லிடணும்னு இருந்தேன்."

"அதுக்குக் கடையில வாங்கினேன்னு சொல்லுவியா? ஏமாத்துக்காரின்னு பேர் வாங்கிட்டா போவ?"

"போற ஊர்ல அது யாருக்குத் தெரியப் போகுது? இங்க இருக்கப் போறவ நீ. தங்கச்சிக்காகச் சட்டத்தை வளைச்சான்னு உன்னை ஒருத்தர் சொல்லக்கூடாது. போய் அடிச்சிடுக்கா. எல்லாரும் போகட்டும், அப்புறம் பேசிக்கலாம்."

அக்காவின் நாக்கு நுனியில் ஒரு கேள்வி வந்து நின்றது. அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். டேப் புத்தம் புதுசாக இருந்தது. கேட்கப் பயமாக இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் கேட்காமல் விழுங்கிய கேள்வி அது ஒன்றுதான். கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

கூட்டம் அப்படியே நின்றது. போஸ்ட்மாஸ்டர் கையில் பேனாவும் அப்படியே நின்றது. கோடு போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது. ஏழாவது வீட்டுக்குப் போய்விடலாம். தங்கை போகிறாள் என்பதை ஊரிடம் சொல்ல வேண்டியதில்லை. தானும் இன்றைக்கு ஒரு நாள் அதை நம்பாமல் இருந்துவிடலாம். அக்கா அதையும் ஒரு கணம் யோசித்தாள். மனிதப் பிறவிதானே.

பிறகு தரையில் கிடந்த செம்பருத்தியைத் தண்டோடு பிடித்துத் தூக்கினாள். மண் அவள் புடவையில் கொட்டியது.

"எல்லாரும் கிட்ட வந்து இந்த வேரைப் பாருங்க" என்றாள். "இது கடைச்செடி இல்ல. பாருங்க, தரையில இருந்த வேரு. ரம்பத்தால அறுத்திருக்கா. இந்தச் சுவரோரம் நின்ன அதே செடி. உங்கள்ல நாலு பேர் இதுலேருந்து கிளை வாங்கிட்டுப் போயிருக்கீங்க. நான்தான் சரியாப் பாக்காம கேட்டுட்டேன். தப்பு என்னுது."

அவள் கணவர் தலையை நிமிர்த்தினார். முப்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை அவர் கேட்டதே இல்லை.

"அப்போ ஏன் வாங்கினதுன்னு சொன்னாங்க? எதுக்குத் தொட்டியில?" என்று கேட்டார் மருந்துக்கடை அம்மா.

தங்கை பின்கதவில் நின்று வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் வாய் வராது.

"எதுக்குன்னா... இவ ஊரை விட்டுப் போறா. மாப்பிள்ளைக்கு வேற ஊர்ல வேலை. என்கிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு மறைச்சு வச்சிருக்கா. நான் அப்படிப்பட்டவ. எம் தங்கச்சி யாரையும் ஏமாத்தல."

சொல்லாதவரை அது சமையலறைக்குள் இருந்தது. இப்போது நாற்பது பேருக்கும் தெரிந்துவிட்டது, இனி அதை இல்லை என்று சொல்ல ஒருவரும் கிடைக்க மாட்டார்கள்.

போஸ்ட்மாஸ்டர் பேனாவின் மூடியை அழுத்திப் போட்டுப் பைக்குள் வைத்தார். கோடு விழவில்லை என்று அவருக்கு வருத்தமாக இருந்ததா என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எப்பம்மா கிளம்பறாங்க?" என்று கேட்டார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. ஒரு வீட்டில் இருந்து ஆள் போகிறார்கள் என்றால் யாரும் கேட்கிற கேள்விதான்.

அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்தத் தெருவில் யார் வீட்டுக் குழாய் எப்போது ஒழுக ஆரம்பித்தது, யார் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, எல்லாம் அவளைக் கேட்டால் தெரியும். இது தெரியவில்லை. செடியை மார்போடு அணைத்தபடி அத்தனை பேர் முன்னாலும் திரும்பினாள்.

"எப்போடி போற?"

தங்கை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வர்ற வியாழக்கிழமைக்கா."

அக்கா அங்கேயே நின்றபடி, மண் ஒட்டிய கையில் விரல் விட்டு எண்ணினாள். நாலாவது விரலோடு முடிந்துவிட்டது.